யானை ஏறிய மணவறை

யானை மணவறையில் ஏறிவிட்டது. ஏறியதோடு நிற்காமல், மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் பின்பக்கத்தை வைத்து அமர்ந்தும் விட்டது.

மிதுனா பதறவில்லை. பதறுகிறவளிடம் யாரும் மணவறை எடுக்கமாட்டார்கள்.

"வாசல்ல நிக்கச் சொல்லித்தான் வச்சனான், அங்கிள். கொஞ்சம் குழப்படி," என்று வாடிக்கையாளர் கனகசபாபதியிடம் பெற்றவள் மாதிரிச் சொல்லிக்கொண்டே, திரையிலிருந்த யானையை அழித்தாள்.

வெள்ளவத்தையில், ஒரு பல் டொக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது, விழா மேடைகளை அலங்கரித்துக் கொடுக்கும் அவளுடைய சோடனைக் கடை. அதுவரை பிறந்தநாள், சாமத்தியவீடு என்றுதான் போய்க்கொண்டிருந்தாள். இது முதல் கலியாணம். இந்தக் கலியாணம் கைக்கு வந்தால் தன்னுடைய சோடனைக்காரர் பட்டியலில் அவளுடைய பெயரையும் சேர்ப்பதாக மண்டபத்து மனேஜர் சொல்லியிருந்தார். அந்தப் பட்டியலில் பெயர் ஏறாமல் கொழும்பில் கலியாணச் சோடனை செய்ய நினைப்பது, ஆறு மணி ரயிலில் யன்னலோரம் இருக்க நினைப்பது மாதிரி.

மற்றச் சோடனைக்காரர்கள் அல்பம் காட்டுவார்கள். மிதுனா வாள்சண்டை காட்டினாள். அவள் விளையாடும் ஒரு வீடியோ கேமோடு, அரண்மனை கோட்டையெல்லாம் நாமே கட்டிக்கொள்ள ஒரு பகுதி இலவசமாக வந்தது. தூண், வளைவு, விளக்கு, யானை எல்லாவற்றையும் இழுத்து வைக்கலாம். கட்டி முடித்தால் வாடிக்கையாளர் கொன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து பார்க்கலாம். நடக்கிற உருவத்தின் கையில் ஒரு வாள் இருக்கும். அதை மட்டும் கழற்ற முடியாது.

கனகசபாபதி முதல் நாள் வந்தபோது அவள் கட்டி வைத்திருந்தது அளவான மணவறை. இரண்டு தூண், குலையோடு இரண்டு வாழை, மேலே குருத்தோலைத் தோரணம். அவர் வாளும் கையுமாக ஒரு சுற்று வந்தார்.

"வடிவுதான், பிள்ளை. ஆனா எங்கட வீட்டுக் கலியாணத்துக்கு இது காணாது," என்று சொல்லி, வாசலுக்கு ஒரு யானை கேட்டார்.

விலை கேட்கவில்லை. மிதுனாவின் அப்பா புறக்கோட்டையில் புடைவைக்கடை வைத்திருந்தவர். விலை கேட்காமல் உயர்ந்த துணியாக எடுத்துப் போடச் சொல்கிறவன் ஒன்றில் பெரிய பணக்காரன், என்று தொடங்குவார். அந்த 'ஒன்றில்' என்பதற்கு ஒரு மறுபாதி இருந்தது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கடைக்குள் யாராவது வந்துவிடுவார்கள். கிடைத்த பாதியே மிதுனாவுக்குப் போதுமாக இருந்தது. மணவறை எடுப்பது பொம்பிளை வீடு. ஆகவே பொம்பிளைக்கு வாய்த்த அப்பா பெரிய மனிதர் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அவரோடு வான் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒருவர் வருவார். கதவடி ஸ்டூலில் இருப்பார். முதல் நாளே மிதுனா அவரிடம், "அண்ணை, டொக்டரின்ர கேற்றை மறைக்குது, வானைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ," என்றாள். பேசாமல் இறங்கிப் போய் எடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்கும் ஒரு தேத்தண்ணி போகும்.

கேமில் யானைக்கு உயிர் உண்டு. விட்ட இடத்தில் நிற்காது. ஆகவே அடுத்த யானையைச் சுற்றி வேலி போட்டாள். வேலியைக் கண்டதும் இது கோட்டைதான் என்று கேம் முடிவுசெய்து, காவலுக்கு நான்கு வீரர்களைத் தானாகவே அனுப்பியது. அவர்கள் வந்து பொம்பிளையின் இருக்கையைச் சுற்றி வேலோடு நின்றார்கள்.

"உவை ஆர்?" என்றார் கனகசபாபதி.

"மாப்பிளைத் தோழன்மார், அங்கிள்."

"பொம்பிளைக்கு ஏன் காவல்?" என்று கதவடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மிதுனா வேலியை அழிக்கத் தொடங்கியிருந்தாள்.

உயிருள்ள யானையை விட்டுக் கல் யானைக்கு மாறினாள். கல் யானை எட்டாகத்தான் வரும். எட்டையும் பார்த்த கனகசபாபதிக்கு, இவ்வளவு யானைக்கு மேலே ஒரு கோபுரம் இல்லாவிட்டால் எடுபடாது என்று பட்டது. கோபுரம் வைத்தாள். இரண்டு தூணும் பாரம் தாங்காமல் இடிந்து, வாழை இரண்டும் நசுங்கின. ஆறு தூண் போட்டாள். கோபுரம் நின்றது, ஆனால் தூண்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மறைந்துபோனார்கள். இருக்கையை உயர்த்தினாள். தலை இடித்தது. கோபுரத்தில் துளை போட்டாள். தூரத்தில் நின்று பார்த்தால், கலசம் இருக்கவேண்டிய இடத்தில் பொம்பிளையின் முகம் தெரிந்தது.

நூற்றெட்டு விளக்கும் கேட்டார். ஏற்றியதும் கொம்பியூட்டர் மூச்சுவாங்க, திரையில் நடந்துகொண்டிருந்த கனகசபாபதி வாளைத் தூக்கியபடி ஒற்றைக்காலில் அப்படியே உறைந்துபோனார்.

பூவேலை பார்க்கும் பங்காளி றஷ்மிக்குத்தான் பயம் பிடித்தது. முதல் கட்டினதில் ஒரு கொப்பியாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டாள்.

"பழசு இருந்தா கண் பழசிலதான் போகும்," என்றாள் மிதுனா. ஒவ்வொரு முறையும் பழையதின் மேலேயே புதியதைப் பதிந்து வந்தாள். திரும்பிப் பார்க்கிறவள் முன்னேற மாட்டாள் என்பது அவளுடைய கொள்கை.

ஐந்தாவது வரவுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. தூண்களை மெலிதாக்கி, இருக்கையை இறக்கி, துளையை அடைத்து, விளக்குகளில் பாதியை எரியாத விளக்காக வைத்தாள். எட்டு யானையும் அசையாமல் நின்றன. கனகசபாபதி முன்னால் நடந்தார், பின்னால் நடந்தார், படியேறினார், வாளால் ஒரு தூணைத் தட்டியும் பார்த்தார். எதுவும் இடியவில்லை.

"இதுதான் மணவறை. இனி ஒண்டையும் தொடாதையுங்கோ, பிள்ளை."

மிதுனா றஷ்மியை ஒரு பார்வை பார்த்தாள். ஓடர் புத்தகத்தை விரித்து, பேனையின் மூடியைக் கழற்றினாள்.

"ஆரின்ர பேரில எழுத, அங்கிள்?"

கனகசபாபதி கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, கதவுப்பக்கம் திரும்பினார். ஸ்டூலில் இருந்தவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

"என்ர பேரில எழுதுங்கோ, பிள்ளை. இவர் மாப்பிளையின்ர அப்பா, பொம்பிளையின்ர அப்பா நான். எனக்கு அந்த முதல் நாள் காட்டினதே காணும்."