ஒன்றாம் நம்பர் எடை மேடை

"சார், ஒண்ணாம் நம்பர் ரூம் கம்ப்யூட்டரு இன்னைக்கும் எந்திரிக்க மாட்டேங்கு," என்றான் பேச்சிராஜா.

சிவப்பிரகாஷ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் வீரபாகு அண்ணாச்சியின் கன்டெய்னர் யார்டில் இரண்டு எடை மேடைகள். மேடைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டிலும் அப்படியே ஏற்றிக்கொள்ளும்படி லினக்ஸை ஒரே தொகுப்பாக, இமேஜாக, கட்டிக் கொடுத்தவன் சிவப்பிரகாஷ்தான். பேச்சிராஜா அங்கே ஆபரேட்டர். இருந்த வேலையை உதறிவிட்டுச் சிவப்பிரகாஷ் ஆரம்பித்த கம்பெனிக்கு அண்ணாச்சி ஒருவர்தான் வாடிக்கையாளர். இன்று நாலு மணிக்குள் முப்பது உப்பு லாரி எடை போட்டு உள்ளே போகாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். கப்பலோடு அண்ணாச்சியும் போய்விடுவார்.

கோளாறு என்னவோ சின்னதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இரண்டு டிஸ்க். ஒன்றில் லினக்ஸ், மற்றதில் எடைப் பதிவு. எழுந்திருக்கும்போது முதலில் தட்டுப்படுகிற டிஸ்குக்கு எஸ்.டி.ஏ., அடுத்ததற்கு எஸ்.டி.பி. என்று லினக்ஸே பெயர் வைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை ஒன்றாம் நம்பர் அறையில் பின்னது முந்திக்கொண்டது; லினக்ஸைத் தேடிய இடத்தில் எடைப் பதிவு இருக்க, கம்ப்யூட்டர் எழவில்லை. இமேஜில் பெயர்களை மாற்றிப் போட்டு அனுப்பினான். செவ்வாய்க்கிழமை பேச்சிராஜா அதை ஒன்றாம் நம்பரில் ஏற்றினான். படுத்துவிட்டது.

"பேரே வேண்டாம். டிஸ்க் மேல இருக்க சீரியல் நம்பரப் பாத்துச் சொல்லுங்க. அது செத்தாலும் மாறாது," என்று அன்றே கேட்டு வாங்கி, அதையே இமேஜில் எழுதினான். இன்று காலை ஒன்றாம் நம்பரில் ஏற்றியதும், அப்படியொரு டிஸ்கே இங்கே கிடையாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது.

"லாரிய ரெண்டாம் நம்பருக்குத் திருப்புங்க."

"அதுவும் படுத்துட்டு சார்."

"அத நான் தொடவே இல்லையே?"

"நீங்க அனுப்புனதத்தான் சார் போட்டேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. லாரிகள் ரோடுவரை நின்றன. அண்ணாச்சி சட்டையெல்லாம் நனைந்து நின்றார்.

"என்ன தம்பி நடக்கு இங்கன?"

"யாரு முதல்ல வாரானோ அவனுக்கு ஒண்ணுன்னு பேரு வச்சிரும் அண்ணாச்சி. மறுநாள் வேறவன் முந்துனா அவன் ஒண்ணு. எல்லாம் அதுல வந்த வினைதான்."

"நல்ல கூத்தா இருக்கே. கூறுள்ளவன் எவனாவது இப்படிப் பேரு வைப்பானா?"

சிவப்பிரகாஷ் ஒன்றாம் நம்பர் அறைக் கம்ப்யூட்டரின் பெட்டியைக் கழற்றினான். சீரியல் நம்பர் வேறாக இருந்தது. சந்தேகம் தட்டி இரண்டாம் நம்பர் அறைக்கு ஓடினான். பேச்சிராஜா நேற்றுப் படித்துச் சொன்ன டிஸ்க் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இமேஜை அதில் ஏற்றினான், உடனே எழுந்துகொண்டது. முதல் லாரி மேடை ஏறியது.

அண்ணாச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏலே பேச்சிராஜா, அந்த ரூம் டிஸ்க இந்த ரூமுக்கு எவன்லே மாத்துனது?"

அறைகளின் சாவிக்கொத்தோடு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த இசக்கித்தாய் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"யாரும் மாத்தல அண்ணாச்சி. டிரைவருமாருவ எல்லாரும் ஒண்ணாம் நம்பர்லயே போய் நிக்காவன்னு, காலையில எந்தக் கதவ மொதல்ல தொறக்கேனோ அன்னைக்கு அதுக்கு ஒண்ணாம் நம்பருன்னு பேரு வைக்கச் சொன்னது நீங்கதான?"