ராகலையா, டிக்கோயாவா?

அழகுமுத்துக் கங்காணி இரண்டு மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே தகவலைச் சொல்லி அனுப்பியதுதான் கோளாறு. "ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு அட்டன் நஸார் தேத்தண்ணிக் கடைக்கு வாங்க. மக பூரணி விசயத்துல முடிவு சொல்லிப்புடுறேன்."

மனைவி நாகலெட்சுமி தலையில் கைவைத்தாள். "என்னங்க இது? ஒருத்தருக்குச் சரின்னு சொல்றத இன்னொருத்தர் முன்னாலயா சொல்லுவீங்க?"

"ஒரு வீட்டைப் பின்னால வரச்சொன்னா மனசு கோணுவாங்களே?"

நான்கு மாதமாக இப்படித்தான். ராகலைப் பையன் லொறி ஓட்டுகிறான். மலைப் பாதையில் லொறி உருண்டால்? டிக்கோயாப் பையனுக்கு மருந்துக்கடையில் வேலை. வருகிறவர்களின் இருமல் தொற்றினால்? ஞாயிற்றுக்கிழமை பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று இரு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். பூரணிக்கு இருபத்துமூன்று முடிகிறது.

"ரெண்டும் நல்ல பிள்ளைங்கதாங்க. ஒண்ணைச் சொல்லுங்க."

"ரெண்டும் நல்லதா இருக்கிறதுதாண்டி கஷ்டம்."

ஞாயிறு காலை, போகிற வழியில் மாரியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்க்க நின்றார். சிவப்புப் பூ ராகலை, வெள்ளை டிக்கோயா. பூசாரி மூக்கன் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

"அந்தப் பொட்டலம் கொஞ்சம் பெருசோ?"

மறுபடி கட்டினார்கள். வெள்ளை.

"இன்னொரு தடவை…"

"கங்காணி, ஆத்தா என்ன காலையில உங்க பெரட்டு வரிசையில நிக்கிற தோட்டத்து ஆளா, திரும்பத் திரும்பப் பேர் கூப்பிட?"

மூன்றாவதும் வெள்ளை. அதற்குள் பஸ் போய்விட்டது. அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் ஐந்து மைல் நடந்தார். சேற்றில் வழுக்காமல் கால் வைப்பதே பெரிய வேலையாக இருந்ததில் யோசனை தானாக நின்றுபோனது. டிக்கோயா. அவ்வளவுதான். இவ்வளவு லேசான காரியத்துக்கா நான்கு மாதம்?

கடையை எட்டும்போது பன்னிரண்டரை. அடிதடி நடக்கும் என்று பயந்து வந்தவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுபடி யோசனை வருமுன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"டிக்கோயாவுக்குத்தான் குடுக்கிறேன்! இனி மாத்தமாட்டேன்!"

சிரிப்பு நின்றது. இரு வீட்டாரும் தரையைப் பார்த்தார்கள். நஸார்தான் துண்டை எடுத்து நீட்டினார்.

"தலையைத் தொடைங்க கங்காணியார். மூணரை மணித்தியாலமா ஒங்களுக்காகக் காத்துக்கிட்டுத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. ராகலைப் பையனோட தங்கச்சி டிக்கோயாப் பையனுக்கு, டிக்கோயாப் பையனோட தங்கச்சி ராகலைப் பையனுக்குன்னு இப்பதான் வெத்தில மாத்துனாங்க, ரெண்டு கல்யாணத்துக்கும் மொத அழைப்பு ஒங்களுக்குத்தானாம்."