இறங்க மறுத்த பாட்டு

"டெல்பர்ட்டு, இது பொண்டாட்டி ஓடிப்போன பாட்டுய்யா! நீ என்னடான்னா கல்யாண விருந்து சாப்பிட்டு எந்திரிச்சவன் மாதிரி பாடுறே!" ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர் ஹார்லன் கத்தினார்.

டெல்பர்ட் என்ன செய்வான், பாவம்! மனைவி வெர்னா பொரித்த கோழியையும் சோள ரொட்டியையும் காலையிலேயே மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்திருந்தான். ஸ்டீல் கிதார்க்காரர் கம்பியை இழுத்து இழுத்து எல்லோரையும் அழவைத்தார். பாடுகிறவன் குரலில்தான் ஈரமில்லை. ஏற்கெனவே இரண்டு பாட்டு ஊற்றிக்கொண்டவனுக்கு பாட்டுக்காரர்களின் ஊரான நாஷ்வில்லில் இதுதான் கடைசி வாய்ப்பு.

"அழுகை வரலேன்னா நான் என்னண்ணே பண்ண?"

"பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பு. தானா வரும்."

வெர்னா நாக்ஸ்வில்லில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "ஒரு வாரம்தானே, விடுங்க" என்றாள். காபி போட ஆளில்லை, சட்டைப் பொத்தான் தைக்க ஆளில்லை. டெல்பர்ட் மைக் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதபடி பாடி முடித்தான். ஹார்லன் அவனுக்கு முத்தமே கொடுத்துவிட்டார்.

பாட்டு தரவரிசையில் நுழைந்தது. டெல்பர்ட் உடனே போனை எடுத்தான். "கெளம்பி வா, தாயே!"

ஹார்லன் போனைப் பிடுங்கினார். "கெடுத்தே போ! அந்தம்மா வீட்ல இருக்குன்னு தெரிஞ்சா எவன் உன் பாட்டை நம்புவான்? பாட்டு எறங்குற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

"சரிங்க" என்றாள் போனில் வெர்னா.

பாட்டோ இறங்குவதாயில்லை. முப்பதாவது இடம், பதினெட்டு, ஒன்பது. ஆறுதல் சொல்ல வாசலில் ஆப்பிள் கேக்கோடு விதவைகள் வரிசை கட்டினார்கள். டெல்பர்ட்டுக்குக் கேக்கும் வேண்டாம், பேரும் வேண்டாம், வெர்னா வந்தால் போதும் என்றாகிவிட்டது.

வானொலிப் பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தே விட்டான். "ஐயா, அம்மா! எம் பொண்டாட்டி என்னை விட்டுப் போகவே இல்ல. அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா!"

அறிவிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா மக்களே? பாவம், இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு."

அந்த வாரம் மூன்றாவது இடம்.

இனி அந்தப் பாட்டைப் பாடவே மாட்டேன் என்று மேடையில் கிதாரைக் கீழே வைத்தான். "மனுஷனுக்குத் தொண்டை அடைக்குதுடா!" என்று கூட்டமே எழுந்து நின்று அவனுக்காகப் பாடியது.

முதலிடம்.

கடைசியில் வானொலிக்காரர்களே சலித்துப்போய் அந்தப் பாட்டைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அப்போதும் பாட்டு அசையவில்லை.

"விற்பனைய்யா! கடையில அள்ளிட்டுப் போறாங்களாம்!" என்று குதித்தார் ஹார்லன்.

பாட்டாவது மண்ணாங்கட்டியாவது! டெல்பர்ட் ஒரு பூங்கொத்தை வாங்கிக்கொண்டு நாக்ஸ்வில்லுக்கே வண்டியை விட்டான். கதவைத் திறந்தவர் வெர்னாவின் அக்கா புருஷன் ஃபிளாய்ட். அவருக்குப் பின்னால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள், கூரைவரைக்கும்.

"வெர்னா எங்க, சகல? கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். இதுக்கு மேல என்னால முடியாது."

ஃபிளாய்ட் அந்தப் பெட்டிகளைக் கையால் காட்டினார்.

"கடைக்குத்தான் ஓடியிருக்கா, சகல. ஒங்க ரெக்கார்ட இத்தன வாங்கியும், இந்த வாரம் பாட்டு எறங்கிட்டா வீட்டுக்குக் கெளம்பணுமேன்னு ஒரே பயம் அவளுக்கு."