முந்திக்கொண்ட காதுகுத்து

சோரியாங்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

குவைத்தில் கிரேன் ஓட்டிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் மாப்பிள்ளை கலைவேந்தன் அவர்களுக்கு, பாகூர் கொம்யூன் முழுக்க அறிந்த உங்கள் மச்சான் சிங்காரவேலு கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. பேனா ஒப்பவில்லை. நீங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் படமும் மறைந்துவிட்டது. டவர் கோளாறு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, லீவு முடிந்து திரும்பக் குவைத்துக்குக் கிளம்பும் மடுகரை செல்லக்கண்ணு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பா தன்விகா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். தாய்மாமனான என்னை உங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே விடவில்லை என்பது தெரியுமோ என்னவோ. என் தங்கை அமுதம் நடந்ததை ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நான் உள்ளபடி எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் நான். ஒன்பதாவதுக்கு இவன் அதிகம் என்று ஹெட்மாஸ்டரே கண்கலங்கி அனுப்பிவைத்தார்.

முதல் தடுப்பூசி போட்டபோது பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வீடே தூங்கவில்லை அல்லவா, அப்போதே முடிவெடுத்துவிட்டேன். ஐந்தாம் மாதம் என் மடியில் காதுகுத்து. அதில் பிள்ளை ஊசிக் காய்ச்சலோடு சிணுங்கினால் யாருக்கு அவமானம்? பேனரில் யார் படம் பெரிது? அதனால், காதுகுத்துக்கு நாள் குறித்த பிறகு தங்கத்தைத் தவிர வேறு ஊசி பிள்ளை உடம்பில் படக்கூடாது, அது நம் வகையறா வழக்கம் என்று சபையில் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பது, நான் சொன்ன பிறகுதான் பெரியவர்களுக்கே ஞாபகம் வந்தது. உங்கள் அப்பா சாமிக்கண்ணுகூட, "ஆமா, எங்க காலத்துலயும் அப்படித்தான்" என்றார். அவர் காலத்தில் ஊசியே இல்லை.

நர்ஸ் ரோஸ்லின் வீடு தேடி வந்தாள். "சிங்காரண்ணே, காது எங்கயும் ஓடிப்பூடாது. ஊசி ஏற்கெனவே ஒண்ணு தள்ளிப்போச்சு, இப்ப இன்னொண்ணும் போவுது" என்றாள். நான் சிரித்துவிட்டு இருமினேன். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "இன்னா இருமல் இது, எத்தினி நாளா?" என்று கேட்டாள். "சிங்காரவேலு வர்றான்னு தெருவுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த மாதிரி விஷயங்களில் ரசனை போதாது.

காதுகுத்து எப்படி நடந்தது என்று வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கிருமாம்பாக்கம் வரைக்கும் பந்தி நீண்டது என்று சொல்கிறார்கள். சொல்வது நான்தான், ஆனாலும் உண்மை. பத்தர் கம்பியை ஏற்றிய நொடியில் பாப்பா அழவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மி இருமல் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பிறகு பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது. சளி என்றேன். இருமினாள். தாய்மாமன் ஜாடை என்றேன். அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை மாப்பிள்ளை. இருமி இருமி, கடைசியில் சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்திருந்தது. உள்ளே போகவேண்டிய மூச்சு போகாமல் நின்றது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. அமுதம் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் கடலூர் ரோட்டில் ஓடினாள். நான்தான் பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்து நிறுத்தினேன். பஸ் ஏற்கெனவே ஸ்டாப்பில்தான் நின்றிருந்தது என்று அவள் சொல்வாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பாவைக் குழாயும் வயருமாகக் கிடத்தினார்கள். குத்திய காதில் தோடு மினுக்கிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் எனக்கு நாற்காலி போடச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார். "கக்குவான் இருமல். வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல் முந்திக்கொண்டது.

"பெரியவங்களுக்கு இது வெறும் இருமல். நடமாடிக்கிட்டே இருப்பாங்க. கைக்குழந்தைக்கு மூச்சே நின்னுடும். அதுக்குத்தான் அந்த ஊசி. ரெண்டு தடவை விட்டுப்போயிருக்கே, ஏன்?" என்றார் டாக்டர். காதுகுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அமுதம் மட்டும் திரும்பி, "மடியில வச்சிக்கினு அவ மூஞ்சிக்கு நேரா இருமுன. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அண்ணன்னு வாய மூடிக்கினு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இரைச்சலே இல்லாமல் சொன்னாள்.

எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தலைவலிக்கே மாத்திரை தொடாதவன், ஒன்று விடாமல் விழுங்கினேன். இருமல் இன்னும் சில வாரம் இருக்கும், ஆனால் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலி அட்டையை எடுத்துப்போய் உங்கள் வீட்டு கேட்டில் நின்று காட்டினேன். அமுதம் உள்பக்கம் தாழ் போட்டாள். ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவேண்டும். பாப்பாவை ஒரு தடவை பார்த்தால் போதும். தூக்கக்கூடக் கேட்கவில்லை. என்னைப் போன்ற ஒருவனை எத்தனை நாள் தெருவில் நிறுத்துவது?

நம் குலதெய்வம் உங்களையும் அந்தக் கிரேனையும் ஆடாமல் அசையாமல் வைத்துக்கொள்ளட்டும். வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு, உங்கள் மச்சான்,
அ. சிங்காரவேலு

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அமுதமே ஆள் அனுப்பினாள், "வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு" என்று. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கேட் திறந்திருந்தது. பாப்பா பாயில் கிடந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். இளைத்துப்போயிருக்கிறாள் மாப்பிள்ளை. எனக்குத் தொண்டையில் கிச்சுகிச்சு என்றது. தொற்றாது என்றுதான் டாக்டர் சொன்னார். வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன். மேலே கேட்டதை அமுதத்திடம் சொல்லவேண்டாம். அவள் கேட்டால், மச்சான் முக்கிய வேலையாக வெளியூர் போயிருக்கிறார், விட்டுப்போன ஊசியெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் வருவாராம் என்று சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், பெரிய ஊராகப் பார்த்துச் சொல்லுங்கள்.