லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆங்கிலம்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு ஐந்து என்று திரை காட்டியபோது, கோளாறு கணினியில்தான் இருக்க வேண்டும் என்று அகராதி முடிவு செய்தார்.

அகராதி என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். 'லிஃப்ட் நின்றுவிட்டது' என்று யாராவது எழுதினால், ஆங்கிலத்தில் இருப்பதிலேயே நீளமான சொற்களாகப் பொறுக்கிப் பதில் அனுப்புவார். அந்தப் பதிலைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் பல லிஃப்டுகள் தாமாகவே ஓட ஆரம்பித்திருக்கின்றன.

கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைக்குப் புகார்ப் பிரிவுத் தலைவர் ஒருவர் தேவை. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஏழு வாங்கிய ஊழியர் யாராக இருந்தாலும் போட்டியிடலாம்; அதிகம் வாங்கியவருக்கு வேலை. அறிவிப்பு வந்த அன்றே, வேலை தனக்குத்தான் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மச்சினன் வந்து, கூடத்து சோபா தன் வீட்டு வாசலில் நுழையுமா என்று அளந்துகொண்டும் போய்விட்டான். இனிமேல் போகாமல் இருப்பதற்கு முகம் கிடையாது.

ஆகவே, மறுபடியும் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, தையல் கடைக்கு மாடியில் இருந்த பயிற்சி வகுப்புக்குப் போனார். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அவர் வயதில் பாதி.

"சார், நீங்க பேசினா நோட்டீஸ் போர்டு பேசுற மாதிரி இருக்கு."

"பாராட்டா?"

"இல்ல சார். பெரிய வார்த்தையெல்லாம் தூக்கிப் போடுங்க. மழையில நனைஞ்சா, நனைஞ்சேன்னு சொல்லுங்க. வானிலை அறிக்கை வாசிக்காதீங்க. நடுவுல கொஞ்சம் தயங்குங்க, யோசிங்க. இயல்பா இருக்கணும்."

"யோசிக்காம பேசறதுதானே சரளம்?"

"அது உங்க ஆபீஸ்ல சார். பரீட்சையில ஒரு அட்டை கொடுப்பாங்க. உங்களுக்கு உதவி செஞ்ச ஒருத்தரைப் பத்திப் பேசுங்கன்னு அடிக்கடி வரும். நல்லதா ஒரு கதை வெச்சுக்கோங்க. சொல்லும்போது குரல் லேசா நடுங்கணும்."

அகராதி வெகுநேரம் யோசித்தார். "எனக்கு யாரும் உதவி செஞ்சதில்லையே."

"அப்பப் பொய் சொல்லுங்க. இங்கிலீஷுக்குத்தான் மார்க்கு, உண்மைக்கு இல்ல."

பொய் பிறந்தது. ஒரு நாள் அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். விளக்கும் அணைந்தது. மூச்சு முட்டியது. அப்போது கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, இடுக்கு வழியாகத் தைரியம் சொல்லி, பாட்டுப் பாடி, மெக்கானிக் வரும்வரை அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார் ஒருவர். அந்த ஒருவர், மேனேஜர். வேறு யாரையாவது போட்டிருக்கலாம். ஆனால் புகழ வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அகராதியின் நாக்கு மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பழகிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் வரவேற்பறைப் பெண்ணிடம் ஒத்திகை பார்த்தார். அவளுக்கு ஓடி ஒளிய இடமில்லை. போன் அந்த மேஜையில்தான் இருந்தது. குரல் நடுங்கும் இடம் வந்தபோது, வாசலில் மேனேஜர் நின்றிருந்தார்.

"என்னைப் பத்தியா சொல்றீங்க?"

அகராதிக்கு இப்போது நிஜமாகவே மூச்சு முட்டியது. "ஆமா சார். வந்து... நீங்க மறந்திருப்பீங்க."

மேனேஜர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "நான் செஞ்ச உதவியெல்லாம் மனசுல வெச்சுக்கிறதில்ல," என்றார். "என்ன பாட்டுப் பாடினேன்?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அகராதிக்கு மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. "அந்த லிஃப்ட் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. இங்கிலீஷ்லயே சொல்லுங்க, கேக்க நல்லாருக்கு." செய்யாத நல்ல காரியத்தை மேனேஜர் இவ்வளவு ஆசையாகக் கேட்பதைப் பார்த்து, வெளிநாட்டு வேலைக்கு அவருடைய சிபாரிசும் உறுதி என்று அகராதி பூரித்தார்.

பூரிப்பைக் கலைக்க சர்வீஸ் என்ஜினியர் வந்தார்.

"எந்த பில்டிங்?"

"எது?"

"நீங்க மாட்டின லிஃப்ட். நம்ம லிஃப்ட் நின்னு போயி, உள்ள ஆள் இருந்திருக்கார். எனக்குத் தகவலே இல்ல. மேலிடத்துல கேட்டா என் வேலை போயிடும்."

"நம்மது இல்லய்யா. அது... வேற கம்பெனி லிஃப்ட்."

என்ஜினியர் நிம்மதியாகப் போய்விட்டார். போகிற வழியில் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் காலையில், அகராதி போட்டிக் கம்பெனியின் கட்டடத்துக்கு வேலை கேட்கப் போய், அங்கே லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. காப்பாற்றிய மேனேஜர் அங்கே எதற்குப் போனார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மேனேஜர்களைப் பற்றி அப்படிக் கேட்கிற வழக்கமில்லை.

வேலை தேடுகிறவனை வெளிநாட்டுக்கு யார் அனுப்புவார்கள்? அகராதி பதறிப் போய் மேனேஜரிடம் விளக்கினார். "அது ஒரு ஆஸ்பத்திரி சார். என் மனைவிக்கு உடம்பு சரியில்ல. டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம். அவளும் என்கூட லிஃப்ட்ல இருந்தா."

"அடடா, இதை ஏன் முன்னாடியே சொல்லல? கதை இன்னும் உருக்கமாயிடுமே," என்ற மேனேஜர், அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போன் போட்டு, அந்த அம்மாவின் உடல்நிலையை விசாரித்தார்.

அகராதி வீடு திரும்பியபோது கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மனைவி, மச்சினன், சோபா. மச்சினன் தன் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"எந்த ஆஸ்பத்திரி? எந்த லிஃப்ட்?" என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல். "எந்த மனைவி?"

"வந்து... அது என்னன்னா... உண்மையைச் சொல்லணும்னா..."

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் டீச்சர் பழக்கிவிட்ட தயக்கம் நாக்கில் ஊறிப் போயிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை யோசித்தார், பெருமூச்சு விட்டார், மேலே பார்த்தார். குரலும் சரியான இடத்தில் லேசாக நடுங்கியது. கேட்கிற எவருக்கும் இவன் புளுகுகிறான் என்று பளிச்சென்று தெரியும்படி அத்தனை இயல்பாக இருந்தது.

"மாமா, முழுங்காம சொல்லுங்க," என்றான் மச்சினன். "அந்தம்மா யாரு?"

வேறு வழியில்லாமல் மறுநாள் மனைவியைத் தையல் கடை மாடிக்கு அழைத்துப் போனார்.

"பொய்தாம்மா," என்று டீச்சர் சாட்சி சொன்னாள். "நான்தான் சொல்லச் சொன்னேன். லிஃப்டும் இல்ல, லேடியும் இல்ல."

மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் சொல்றதுக்கு ஒரு வகுப்பா? இவருக்கா? இதுக்கு என்னையே வெச்சுக்கிட்டு இருக்கலாமே, தினம் கேட்டுத் திருத்தியிருப்பேன்."

சொன்னபடியே திருத்தவும் செய்தாள். சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பாள். ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் எங்கே நம்ப முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "இங்க வேகமாப் போறீங்க. நிஜமா பயந்தவன் இப்படி மடமடன்னு சொல்லமாட்டான்." தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கதை மெருகேறிவிட்டது. லிஃப்டின் இருட்டு அவருக்கே கனவில் வந்தது. மேனேஜர் நேரில் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது. ஆனால் மேனேஜர் அந்த வாரம் கதை கேட்கக் கூப்பிடவே இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று அகராதி மன்னித்தார்.

தேர்வு அறையில் ஒரு மேஜை, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அட்டையைத் திருப்பினார் அகராதி. உங்களுக்கு உதவி செய்த ஒருவரைப் பற்றிப் பேசுக.

தெய்வமே அட்டை போட்டுக் கொடுத்தது போலிருந்தது. நிதானமாக ஆரம்பித்தார். பெரிய சொல் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. லிஃப்ட் நின்றது, விளக்கு அணைந்தது, மூச்சு முட்டியது. தேர்வாளர் அம்மாள் சட்டென்று தலையை நிமிர்த்தினார். வெளியே ஒரு குரல் கேட்டது என்று சொல்லி, கற்றுக்கொண்டபடி தயங்கி நிறுத்தினார் அகராதி.

"கதவு இடுக்கு வழியாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்த அம்மாள்.

அகராதி சிலிர்த்துப் போனார். கேட்கிறவர் கதைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டார்! "ஆமாம், இடுக்கு வழியாகத்தான். பிறகு அவர்..."

"பாட்டுப் பாடினாரோ?"

"பாடினார்," என்றார் அகராதி, குரல் நடுங்க. இந்த முறை நடுக்கம் சொந்தமானது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தாளில் எதையோ அழுத்தி எழுதியதையும் அவர் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், சோபாவை எடுத்துப் போகலாம் என்று மச்சினனுக்குத் தாமே போன் செய்தார்.

சோபா போன மறுநாள் முடிவு வந்தது. மூன்றரை.

அகராதி திரையை மூன்று கோணங்களில் பார்த்தார். பிறகு, மேனேஜரைப் பிடித்துச் சிபாரிசாவது வாங்கிவிடலாம் என்று அலுவலகத்துக்கு ஓடினார். மேனேஜர் அறை வாசலில் ஒரே கூட்டம். ஆளாளுக்கு உள்ளே எட்டிக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா கூட்டம்?" என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டார்.

அவள், மணி அடித்துக்கொண்டிருந்த போனை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "வெளிநாட்டு வேலை மேனேஜருக்குக் கிடைச்சிருச்சு சார், உங்களுக்கு முந்தின நாள்தான் பரீட்சைக்குப் போனாராம், யாருக்காவது உதவி செஞ்சதைப் பத்திச் சொல்லுங்கன்னு அட்டை வந்துச்சாம், லிஃப்ட்ல மாட்டினவரைப் பாட்டுப் பாடிக் காப்பாத்தின கதையைச் சொல்லி அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவையே அழ வெச்சுட்டாராம்."