மீன்சாமியின் சிவப்புத் துணி

அந்த வருஷம் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஜனங்கள் புளி விற்க வரவில்லை. பிள்ளை வாங்க வந்தார்கள். விற்றவர் மீன்சாமி. மலைக்குக் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தவர். உடம்பெல்லாம் திருநீறு, எதிரே மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு ஒன்றாக, வாலில் பொன் மின்னும் சின்னஞ்சிறு மீன்.

“ஆம்பள வாசனையே படாத மீனு! தனியா இருந்தே குஞ்சு போடும். அது போட்டா நீயும் பெறுவே!”

வயிறு உப்பிய மீனாகப் பார்த்துத்தான் பொறுக்கிக் கொடுத்தார். சினைமாட்டை வாங்கி வந்து, அது கன்று போட்டதும் விழுந்து கும்பிடுகிற ஆள் அந்த மலையில் ஒருவரும் இல்லை. மீன் என்றதும் கும்பிட்டார்கள்.

காணிக்கையாகச் சாமை, தேன், கோழி. கூடவே ஒரு நிபந்தனை. குஞ்சு பிறந்ததும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு, ஜாடியைச் சிவப்புத் துணியால் மூடிவிட வேண்டும். மறுநாள்வரை திறந்து பார்த்தால் தோஷம். பார்க்காமல் மூடி வைத்தாலோ, மறுநாள் ஜாடியில் குஞ்சு இருக்காது. “கண் பட்டுடுச்சு” என்பார் சாமி. அதைக் கழிக்க இன்னொரு கோழி. பார்த்தாலும் கோழி, பார்க்காவிட்டாலும் கோழி. மலையில் விடியலில் கூவ ஆள் இல்லாமல் போயிற்று.

ராஜவேலுவின் மனைவி ராணியம்மாளுக்கும் குழந்தை இல்லை. அவள் வீட்டு மீன் குஞ்சு போட்டது. மறுநாள் துணியை எடுத்தால், தாய் மட்டும் கொழுகொழுவென்று திரிந்தது. சந்தையில் சாமி கண்ணை மூடி அம்பாளிடம் கேட்டார்.

“ஒங்க வூட்ல ஒரு வாய் இருக்குது. பெத்ததையே தின்ன வாய்.”

எல்லோரும் அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜவேலுவின் இறந்துபோன அண்ணனின் மனைவி. இரண்டு பிள்ளைகளையும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள்.

“அடுத்த சந்தைல மொட்டையடிச்சு, மலைய வுட்டே எறக்கிடு. அப்பத்தான் ஒன் பொஞ்சாதி வவுறு தெறக்கும்.”

ராஜவேலு தலையை ஆட்டினான். அம்மாக்கண்ணுவுக்குப் போக்கிடம் வேறு கிடையாது. அதைப் பற்றி அம்பாள் ஒன்றும் சொல்லவில்லை போலும்.

அடுத்த சந்தையில் கூட்டம் இரு மடங்கு. பிள்ளைவரம் கேட்க வந்தவர்களைவிட ஒருத்தி மொட்டையாவதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். ராணியம்மாள் தன் மீன் ஜாடியோடு நின்றாள். நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணுவின் பார்வை சாமிக்குப் பக்கத்திலிருந்த பெரிய ஜாடியில் விழுந்தது. உள்ளே குஞ்சுகள் கொசுக்கூட்டம்போல் மொய்த்தன.

“சாமி, இது இன்னா இத்தினி குஞ்சு?”

“எல்லாம் அம்பாள் குடுத்தது.”

“சந்தையே மொறச்சு மொறச்சுப் பாக்குது. ஒண்ணுகூட கொறையலியே? பெத்த மீனு எங்க?”

சாமி உடுக்கையை எடுத்தார். பதில் கைவசம் இல்லாதபோதெல்லாம் அதுதான் பேசும்.

அம்மாக்கண்ணு விடவில்லை. “அந்தக் குஞ்சுல பாதிய வேற ஜாடில ஊத்துங்க. ஒண்ண நான் மூஞ்சிகிட்டயே வச்சுப் பாக்கறேன். இன்னொண்ணுல எங்க வூட்டு மீன வுடுங்க. அதும்பக்கம் நான் திரும்பவே மாட்டேன். எதுல கொறையுதுன்னு பாத்துட்டு அப்புறம் மொட்டை அடிங்க.”

“பேய் பேசுது! கேக்காதீங்க!”

கடுக்காய் வாங்க வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த அமீனுல்லா சிரித்தார். “நியாயமாத்தான கேக்கறாங்க சாமி? முடி இன்னா ஓடியா போவப்போவுது?” என்று அவரே குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து ஊற்றினார். ஒரு ஜாடியை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணு திரும்பி நின்றாள். ராணியம்மாள் மற்ற ஜாடியில் தன் மீனைக் கவிழ்க்கப் போனாள்.

“வுடாதடி! தாய வுட்டா அத்தினியும் முழுங்கிடும்!” என்று சாமி அலறினார்.

அதற்குள் மீன் உள்ளே விழுந்துவிட்டது. மீன் வாயைத் திறந்தது. ஒரு குஞ்சைக் காணோம். இன்னொன்றைத் துரத்திப் பிடித்தது. அம்மாக்கண்ணுவின் மூக்குக்கு நேரே மற்றக் குஞ்சுகள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன.

“அக்கா! இதுதான் தின்னுது! பெத்த மீனே தின்னுது!” ராணியம்மாள் கத்தினாள்.

“அப்ப ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்,” என்றார் அமீனுல்லா. “அதுக்குத்தான் அந்தத் துணியா சாமி?”

ஆலங்காயம் பஸ் ஹாரன் அடித்தது. அம்பாளே அழைத்ததுபோல் சாமி ஓடினார். “எங் கோழி! எங் கோழி!” என்று பாதிச் சந்தை பின்னாலேயே ஓடியது.

ராஜவேலு நாவிதரைப் போகச் சொன்னான். “வூட்டுக்குப் போலாம் அண்ணி,” என்றான், தரையைப் பார்த்து.

அதற்குள் ஒருத்தி ஓடி வந்து அம்மாக்கண்ணுவின் காலில் விழுந்தாள். “ஆத்தா! ஒன் கண்ணு பட்டும் ஒரு குஞ்சு சாவல. ஒனக்கு அருள் இருக்குது!” பின்னால் இன்னும் நாலு பேர் குனிந்தார்கள். ஒருத்தி கையில் கோழி.

அம்மாக்கண்ணு கோழியை அவளிடமே திணித்தாள்.

“எம் புள்ளைங்க காய்ச்சல்ல கெடந்தப்ப, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம் வாங்கன்னு வூடு வூடா வந்து கெஞ்சினேன். நீங்க வேப்பிலை ஆட்டினீங்க. மீனுக்கு அது தன் குஞ்சுன்னு தெரியல, தின்னுடுச்சு. ஒங்களுக்கு இன்னா கேடு?”

குனிந்தவர்கள் மெல்ல நிமிர்ந்தார்கள். யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பழக்கமில்லாத வேலை, கொஞ்ச நேரம் பிடிக்கத்தான் செய்யும்.