சவுனா அண்ணைக்குச் சுடுதண்ணீர்

எங்கள் சவுனா அண்ணைக்குச் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையைப் பற்றித் தெரிந்த அளவு பின்லாந்துக்காரருக்கே தெரியாது. ஒரேயொரு குறை: சவுனாவில் அவருக்கு ஒருநாளும் வியர்த்ததில்லை.

நானும் அவரும் ஹம்பேர்க்கில் மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கினோம். மூக்கைச் சிந்தினால் ஐஸ் விழும். இடைவேளையில் நான் பாண் தின்பேன். அவர் நூலகப் புத்தகத்தோடு ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு அவர்தான் வாசித்துச் சொல்வார்.

"பின்லாந்தில சவுனா கோயில் மாதிரியடா. சத்தம் போடக்கூடாது. முந்தி பிள்ளை பெத்ததும் அதுக்குள்ளதான், செத்தவையைக் குளிப்பாட்டினதும் அதுக்குள்ளதான்."

"கலியாணம் மட்டும் வெளியிலயோ அண்ணை?"

"உனக்குப் படிப்பு ஏறாதது சும்மா இல்லை."

ஒருநாள் இங்குள்ள சவுனாவுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே ஆணும் பெண்ணும் பிறந்தமேனியாக இருந்தார்கள். நான் துவாயை இறுக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றேன். அண்ணை அசையவில்லை. ஊழியன் வந்து, அடுப்பில் காய்ந்த கல்லில் அகப்பையால் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பி, துவாயைத் தலைக்கு மேல் சுழற்றினான். சனம் கைதட்டியது. அண்ணை எழும்பி அகப்பையைப் பறித்தார்.

"இது பிழை! இருக்கிறவைதான் ஊத்தவேணும். புத்தகத்தில வேற மாதிரி இருக்கு!"

வியர்க்க முன்னமே இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"பென்சன் எடுத்த கையோட பின்லாந்து போறன். ஏரிக்கரை, விறகுச் சவுனா. ஒருக்கா எண்டாலும் எலும்பு வரை சூடேற வேணும்" என்றார். ஆனால் இதயம் பழுது, சூடு ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"டொக்டர் சொல்லுறதைக் கேளுங்கோ அண்ணை."

"இவ்வளவு வருசமாக் குளிருக்க நிக்கேக்க ஒரு டொக்டரும் ஆகாதெண்டு சொல்லேல்லையேடா."

பென்சனுக்கு முந்திய மார்கழியில் மீன் பெட்டிகளுக்கு நடுவே விழுந்தார். அந்தக் குளிரிலிருந்து தூக்கி, பிரேத அறையில் இன்னொரு குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

அவருக்கு இங்கே சொந்தமென்று யாருமில்லை. குளிப்பாட்ட நான்தான் போனேன். அங்கு வேலை செய்த ஜேர்மன்காரர் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். கையை விட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்.

"சூடா வேணும்" என்றேன், என் உடைந்த ஜேர்மனில்.

அவருக்கு இனி எல்லாம் ஒன்றுதானே என்றார் அந்த மனிதர்.

"இல்லை. புத்தகத்தில வேற மாதிரி இருக்கு" என்றேன், வாழ்நாளில் ஒரு புத்தகமும் படிக்காத நான்.

கொதிக்கக் கொதிக்க வந்தது. விளாவி, தலையிலிருந்து ஊற்றினேன். குளிர்ந்த உடம்பிலிருந்து ஆவி எழும்பியது. வாயில் ஒரு பகிடி வந்தது. விழுங்கிவிட்டேன்.

சத்தம் போடக்கூடாதாம்.